பிளாஸ்டிக் கலந்த தார்ச்சாலை: குமரி மாவட்ட ஊராட்சிகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் முழுமையான வழிகாட்டி

பிளாஸ்டிக் ரோடு என்றாலே, குப்பையைத் தார் டிரம்மில் போட்டு உருக்கி ரோட்டில் ஊற்றுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இந்த எண்ணத்தோடு தொடங்கும் வேலை பெரும்பாலும் கெட்டுத்தான் முடியும். பிளாஸ்டிக் சேர வேண்டிய இடம் தார் அல்ல, கல். சூடான ஜல்லியின் மேல் பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது அரை நிமிடத்தில் உருகி ஒவ்வொரு கல்லின் மீதும் மெல்லிய தோலாகப் படிந்துவிடும். அதன் பிறகுதான் தார். இதற்கு உலர் முறை என்று பெயர். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கிய முறை இது. 2002-இல் அந்தக் கல்லூரி வளாகத்திலேயே ஒரு சாலை இப்படிப் போடப்பட்டது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இந்தியச் சாலைப் பேராயம் 2013-இல் எஸ்.பி. 98 என்ற எண்ணில் இதற்கென ஒரு வழிகாட்டு நெறியை வெளியிட்டது. ஆக, சோதனை நிலையைத் தாண்டி, அளவும் விதியும் வகுக்கப்பட்டுவிட்ட வேலை இது.

நம் மாவட்டத்துக்கு இது ஏன் பொருந்துகிறது என்பதற்குக் கல்லிலேயே காரணம் இருக்கிறது. இங்கே குவாரிகளில் உடைபடுவது பெரும்பாலும் சார்னோகைட், நைஸ் வகைக் கருங்கல். மிக உறுதியான கல்தான், ஆனால் சிலிக்கா மிகுந்தது. இப்படிப்பட்ட கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீரோடுதான் ஒட்டு அதிகம். ரோட்டில் தண்ணீர் தேங்கினால், கல்லுக்கும் தாருக்கும் நடுவே அது மெல்ல நுழைந்து தாரை உரித்துவிடும். முதலில் ஜல்லி பெயரும், பிறகு குழி விழும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு மழையையும் வாங்கும் மாவட்டத்தில் இது எத்தனை வேகமாக நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கல்லின் மேல் பிளாஸ்டிக் தோல் இருந்தால் தண்ணீருக்கு அந்த வழி அடைபடும். தாரும் அந்தத் தோலோடு நன்றாகப் பிணையும்.

எதற்கு இது பயன்படாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிளாஸ்டிக் சேர்வது மேலே போடும் 20 அல்லது 25 மி.மீ. கனமுள்ள தார்த் தளத்தில் மட்டும்தான். அடியில் மண் இளகியிருந்தாலோ, மெட்டல் தளம் (அடியில் பரப்பும் கல் அடுக்கு) சரியாக இறுகாமல் இருந்தாலோ, குளத்தங்கரையிலிருந்தோ வயலிலிருந்தோ தண்ணீர் ரோட்டின் அடியில் ஊறினாலோ, மேலே எந்தப் பிளாஸ்டிக்கும் உதவாது.

எந்தப் பிளாஸ்டிக், எது கூடாது

சேர்க்கலாம்: பால் கவர், எண்ணெய் கவர், அரிசி, பருப்பு வரும் பாலித்தீன் உறைகள், துணிக்கடைப் பைகள், பொருள்களைச் சுற்றி வரும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள், தெர்மாகோல் போன்ற பொதி நுரைகள். வேதியியல் பெயரில் சொன்னால் பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன், பாலிஸ்டைரீன். மென்தாள் வகைகள் 60 மைக்ரான் கனத்துக்குள் இருக்க வேண்டும். அதைவிடக் கனமானவை கல்லின் மேல் இருக்கும் அந்தக் குறுகிய நேரத்துக்குள் முழுதாக உருகாது. பிஸ்கட், சிப்ஸ் உறைகளையும் சேர்க்கலாம். ஆனால் மூட்டை முழுவதும் அதுவாகவே இருப்பது நல்லதல்ல. அடுக்கடுக்காக ஒட்டிய உறைகள் பால் கவரைப் போல ஒரே சீராக உருகுவதில்லை.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அதனால் கேரி பேக்கை நம்பித் திட்டம் போடாதீர்கள். பால் கவரும் மளிகை உறைகளும்தான் ஆண்டு முழுவதும் கிடைக்கும் சரக்கு.

கூடவே கூடாதது பி.வி.சி. சூடேறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியேறும். கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும், இயந்திரத்தின் இரும்பையும் தின்னும். நம் ஊரில் பி.வி.சி. அதிகமாக வருவது குழாயாக அல்ல, பிளக்ஸ் பேனராக. கல்யாணம், காதுகுத்து, திருவிழா, தேர்தல் எல்லாம் முடிந்ததும் பேனர்கள் மலைபோல் சேரும். "இதையும் ரோட்டில் போட்டுவிடலாமே" என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள். போடக்கூடாது. மாத்திரை அட்டை, ரெக்ஸின், மழைக்கோட்டு, ஒயரின் மேலுறை ஆகியவையும் அப்படியே. கறுப்புப் பிளாஸ்டிக்கும் வேண்டாம். பலமுறை உருக்கி வார்த்து வலுவிழந்த சரக்குதான் பெரும்பாலும் கறுப்பாக வருகிறது.

தண்ணீர் பாட்டில் பெட் வகை. அது உருகுவதற்கு 250 டிகிரி அளவில் சூடு வேண்டும், நம் ஜல்லி 165 டிகிரியில்தான் இருக்கும். பாட்டிலைப் பழைய இரும்புக்கடைக்குக் கொடுத்துவிடுங்கள். அதற்கு அங்கே நல்ல விலை உண்டு.

கடற்கரை ஊர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம், சின்னமுட்டம் பகுதிகளில் கிழிந்த மீன்வலை மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். நைலான் வலை உருகுவதற்கு 220 டிகிரிக்குக் குறையாமல் வேண்டும், எனவே அது ஆகாது. பாலிஎத்திலீன் வலை உருகும்தான், ஆனால் அதன் முடிச்சுகளில் உப்பும் மணலும் இறுகியிருக்கும், நறுக்கும் கத்தியிலும் சுற்றிக்கொள்ளும். இரண்டையும் பிரித்தறியத் தெரியாத இடத்தில் வலையை முழுவதுமாக ஒதுக்குவதே பாதுகாப்பு. மேற்கே குலசேகரம், திருவட்டார் பக்கம் ரப்பர் மரத்தில் மழைக்காப்பாகக் கட்டும் பாலித்தீன் கழிவு வரும். கறுப்பு நீங்கலாக, 60 மைக்ரானுக்குள் இருப்பவற்றை எடுக்கலாம். ஒட்டுப்பாலும் மரப்பட்டையும் ஒட்டிய ஓரங்களை மட்டும் வெட்டி எறிந்துவிட வேண்டும்.

தரம் பிரித்தல், கழுவுதல், காய வைத்தல்

முதல் தரம் பிரிப்பு கையால்தான். தூய்மைக் காவலர்கள் வீட்டிலிருந்து வாங்கும்போதே பால் கவரைத் தனிச் சாக்கில் போட்டால் பாதி வேலை முடிந்துவிடும். குப்பைக் கிடங்கிலிருந்து தோண்டியெடுத்த சரக்கை இந்த வேலைக்குத் தேடிப் போகாதீர்கள். மண்ணும் சாம்பலும் ஏறிய பிளாஸ்டிக்கைச் சுத்தம் செய்யும் கூலி, அதனால் மிச்சமாகும் தாரின் விலையைத் தாண்டிவிடும்.

இரண்டாம் தரம் பிரிப்பைத் தண்ணீரே செய்து கொடுக்கும். பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் தண்ணீரைவிட இலேசானவை, மிதக்கும். பி.வி.சி.யும் பெட்டும் மூழ்கும். இடுப்பளவு ஆழமுள்ள தொட்டியில் கொஞ்சம் சோப்புக் கரைசல் விட்டு, கவர்களைக் கிழித்து விரித்துப் போட்டுக் கலக்குங்கள். சோப்பு விடுவது அழுக்குக்காக மட்டும் அல்ல. அது இல்லாவிட்டால் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டு, மூழ்க வேண்டியதும் மிதந்து ஏமாற்றும். மேலே நிற்பதை மட்டும் அள்ளுங்கள். அடியில் தங்கியது ரோட்டுக்கு ஆகாது. சந்தேகம் தீராத துண்டுக்கு இன்னொரு வழி உண்டு. செம்புக் கம்பியைச் சூடாக்கி அந்தத் துண்டில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் இருக்கிறது, அதாவது பி.வி.சி. இதைத் திறந்த வெளியில், காற்று வரும் பக்கம் நின்று செய்ய வேண்டும்.

பால் கவரை உள்பக்கமும் கழுவ வேண்டும். ஓரத்தை வெட்டும்போது முழுதாகத் திறந்துவிட்டால் கழுவுவது எளிது. கொழுப்பு தங்கினால் நாற்றமும் எறும்பும் எலியும் வரும், சூடான கல்லில் விழும்போது புகையும். கழுவிய தண்ணீரை நேரே ஓடையிலோ குளத்திலோ விடாதீர்கள். சிறு துணுக்குகள் அதோடு போய்விடும். இரண்டு மடிப்புத் துணியில் வடித்து, சோக் பிட்டில் (உறிஞ்சு குழியில்) விடுங்கள்.

தூசியும் பிற அழுக்கும் எடையில் 1 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. ஆய்வகத்தில் 5 கிராம் நறுக்கிய பிளாஸ்டிக்கைப் பீங்கான் மூசையில் வைத்து 600 டிகிரி உலையில் எரித்து, மீதமாகும் சாம்பலை நிறுத்துப் பார்ப்பார்கள். பிளாஸ்டிக் நறுக்கும் ஷெட்டில் இதற்கு எளிய மாற்று ஒன்று: நறுக்கிய சரக்கில் ஒரு பிடியை வெள்ளைத் துணியில் போட்டு நன்றாகத் தேயுங்கள். துணி அழுக்கானால் மறுபடி கழுவுங்கள்.

காய வைப்பதுதான் இந்த மாவட்டத்தில் கடினமான பகுதி. ஜூனிலிருந்து டிசம்பர் வரை ஈரம் விடாது. அந்த மாதங்களில் சேகரித்துக் கழுவி, கூரையின் கீழ்க் கொடியில் தொங்கவிட்டு வையுங்கள். நறுக்கும் வேலையை ஜனவரிக்குப் பிறகு வெயிலில் முழுதாகக் காய்ந்தபின் செய்யலாம். கவரின் மடிப்புக்குள் ஒரு துளி தண்ணீர் இருந்தாலும் அது கல்லில் ஆவியாகிச் சூட்டை இறக்கிவிடும், பிளாஸ்டிக் உருண்டை உருண்டையாகச் சுருளும்.

நறுக்குதல்

நறுக்கிய துண்டு 2.36 மி.மீ. சல்லடையில் இறங்கி, 600 மைக்ரான் சல்லடையில் தங்க வேண்டும். இந்த இரண்டு சல்லடையும் ஷெட்டில் கட்டாயம் இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் உருக நேரமாகும், கொத்தாக ஒட்டும். பொடியாகிவிட்டால் காற்றில் பறக்கும், தீச்சுவாலை பட்டதும் கருகும்.

இரண்டு வகை இயந்திரங்கள் உண்டு. கத்தியால் வெட்டும் ஷ்ரெட்டர் மென்தாளை மெல்லிய செதிலாகத் தரும். உராய்வில் சூடாக்கிச் சுருட்டும் அக்லோமரேட்டர் குருணையாகத் தரும். குருணையைக் கையாள்வது எளிது, பறக்காது. ஆனால் கல்லில் பரவச் செதில்தான் சிறந்தது. மின்சாரம் போய்ப் போய் வரும் இடத்தில் அக்லோமரேட்டர் பாதியில் நின்றால் உள்ளே ஒரே கட்டியாக இறுகிவிடும். மகளிர் குழுவுக்கு ஷ்ரெட்டரே ஏற்றது. கத்தி மழுங்கினால் வெட்டாமல் இழுக்கும், சூடேறி உள்ளேயே உருகும். துண்டுகளின் ஓரம் நூல் நூலாக வந்தால் கத்தியைத் தீட்டும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். கண்ணாடி, முகமூடி, கையுறை போட வேண்டும். சேலை முந்தானையையும் தாவணியையும் இறுகச் செருகிக்கொண்டுதான் இயந்திரத்தின் அருகில் நிற்க வேண்டும், கூந்தலைக் கட்டிக்கொள்ள வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

நறுக்கியதைச் சாக்கில் கட்டி, தரையில் படாமல் பலகை மேல் அடுக்குங்கள். ஒவ்வொரு சாக்கிலும் எடையும் தேதியும் எழுதுங்கள். அடுப்பு, பீடி, வெல்டிங் எதுவும் அந்தப் பக்கம் வரக்கூடாது.

எவ்வளவு வேண்டும்: கணக்கு

தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம். மழை மிகுந்த இடத்துக்கு 6, குறைந்த இடத்துக்கு 8 என்று கொள்வது வழக்கம். விளவங்கோடு, கல்குளம், திருவட்டார் பக்கம் 6-ஐ ஒட்டியும், ஆரல்வாய்மொழி, அகஸ்தீஸ்வரம் பக்கம் 8-ஐ ஒட்டியும் தொடங்கலாம். இறுதி அளவைக் கலவை வடிவமைப்புச் சோதனை சொல்லும்.

இந்தச் சதவீதம் தாரின் எடைக்கு உரியது, கலவை முழுவதற்கும் அல்ல. இதை மாற்றிப் புரிந்துகொண்டால் தேவையைப் போல இருபது மடங்கு பிளாஸ்டிக் விழுந்து கலவை பாறையாகிவிடும். சேர்த்த பிளாஸ்டிக்கின் எடைக்குத் தாரில் அவ்வளவு குறைக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. 3 மீட்டர் அகலம், 500 மீட்டர் நீளமுள்ள தெரு ரோடு. மேலே 20 மி.மீ. பிரிமிக்ஸ் கார்பெட், அதாவது முன்பே தாரில் கலந்த ஜல்லியைப் பரப்பும் மெல்லிய தளம். பரப்பு 1,500 சதுர மீட்டர். 10 சதுர மீட்டருக்கு 13.2 மி.மீ. ஜல்லி 0.18 கன மீட்டர், 11.2 மி.மீ. ஜல்லி 0.09 கன மீட்டர், தார் 14.6 கிலோ. இது நிலையான அளவு. அப்படியானால்:

13.2 மி.மீ. ஜல்லி: 27 கன மீட்டர்
11.2 மி.மீ. ஜல்லி: 13.5 கன மீட்டர்
பிணைப்பான் (தாரும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தது) மொத்தம்: 2,190 கிலோ
அதில் பிளாஸ்டிக் 8 சதவீதம்: 175 கிலோ (6 சதவீதம் என்றால் 131 கிலோ)
தார்: 2,015 கிலோ
தண்ணீர் இறங்காமல் அடைக்க மேலே போடும் சீல் கோட் பி வகைக்குத் தனியாகத் தார்: 10 சதுர மீட்டருக்கு 6.8 கிலோ, மொத்தம் 1,020 கிலோ. இதில் பிளாஸ்டிக் சேர்க்க வேண்டாம்.

அரை லிட்டர் பால் கவர் ஏறத்தாழ 3 கிராம் இருக்கும். 175 கிலோவுக்கு அறுபதாயிரத்தை நெருங்கும் கவர்கள் தேவை. ஒரு தெருவில் ஒரு மாதத்தில் சேரும் அளவு அல்ல இது. டெண்டர் போட்டபின் பிளாஸ்டிக் தேடிப் புறப்பட்டால் கிடைக்காது. கிடைத்த குப்பையெல்லாம் உள்ளே போய்விடும். குறைந்தது ஒரு மழைக்காலம் முழுவதும் சேகரித்து வைத்திருக்க வேண்டும். கழிவும் ஈரமும் போகும் என்பதால், தேவையைப் போல ஒன்றரை மடங்கு சேகரிக்கத் திட்டமிடுங்கள்.

ஒன்றிய ரோடு அளவில் பார்த்தால், 3.75 மீட்டர் அகலத்தில் 1 கிலோமீட்டருக்கு 25 மி.மீ. செமி டென்ஸ் (ஓரளவு அடர்ந்த கலவை) தளம் போட ஏறக்குறைய 215 டன் கலவை வரும். 5 சதவீதம் பிணைப்பான் என்றால் 10 டன்னுக்குச் சற்று மேல். 8 சதவீதக் கணக்கில் பிளாஸ்டிக் 860 கிலோ. "கிலோமீட்டருக்கு ஒரு டன்" என்று வாய்வழக்காகச் சொல்வது இதைத்தான்.

அடுத்தது எடை கட்டுவது. மினி ஹாட் மிக்ஸ் பிளான்டில் (சூடாக்கிக் கலக்கும் சிறிய இயந்திரத்தில்) ஒரு தடவைக்கு 0.1 கன மீட்டர் ஜல்லி என்று வைத்துக்கொண்டால், பிணைப்பான் 5.4 கிலோ. அதில் பிளாஸ்டிக் 430 கிராம், தார் 5 கிலோவுக்கு ஒட்டி. ஷெட்டிலேயே 430 கிராம் வீதம் நிறுத்துத் துணிப்பையில் கட்டி அனுப்புங்கள். பையைக் கவிழ்த்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். களத்தில் முறத்தாலும் டின்னாலும் அளந்தால் தவறாமல் பிழை வரும், ஏனென்றால் செதில் அமுங்கினால் ஒரு எடை, உதிர்ந்தால் வேறு எடை.

கலக்கும் இடத்தில்

சூடு அளக்கும் துப்பாக்கி வடிவ இன்ஃப்ராரெட் மீட்டர் ஒன்றும், கலவைக்குள் குத்திப் பார்க்கும் உலோகத் தண்டு வெப்பமானி ஒன்றும் வேண்டும். துப்பாக்கி மேற்பரப்பை மட்டுமே சொல்லும். மேலே 165 காட்டும் ஜல்லியின் உள்ளே 140 இருக்கலாம்.

1. ஜல்லி காய்ந்திருக்க வேண்டும். மழையில் நனைந்த குவியலை அப்படியே ஏற்றினால் எரிபொருள் முழுவதும் தண்ணீரை விரட்டவே போய்விடும். தூசி படிந்த ஜல்லியும் ஆகாது, பிளாஸ்டிக் தூசியில் ஒட்டிக் கல்லை விட்டுவிடும்.

2. ஜல்லியை 165 டிகிரி வரை சூடாக்குங்கள். 160-க்குக் கீழும் 170-க்கு மேலும் போக வேண்டாம்.

3. சூடான ஜல்லி மிக்சருக்கு வந்ததும், தீச்சுவாலை இல்லாத இடத்தில், சுழன்றுகொண்டிருக்கும் ஜல்லியின் மேல் பிளாஸ்டிக்கைப் பரவலாகத் தூவுங்கள். ஒரே இடத்தில் கொட்டினால் கட்டி விழும். 30 முதல் 60 வினாடி சுழலட்டும்.

4. நிறுத்திப் பாருங்கள். கல் எண்ணெய் தடவியதுபோல் மினுமினுக்க வேண்டும். நிறம் தெரியும் துண்டு ஒன்றுகூட இருக்கக்கூடாது. இந்தச் சோதனையை முதல் ஐந்து தடவைக்கும் கட்டாயம் செய்யுங்கள், பிறகு மணிக்கு ஒருமுறை போதும்.

5. பிறகுதான் தார். வி.ஜி. 30 தரத் தார் 150 முதல் 165 டிகிரிக்குள் இருக்கட்டும். தாருக்கும் ஜல்லிக்கும் இடையே சூட்டு வேறுபாடு 14 டிகிரியைத் தாண்டக்கூடாது. எல்லாக் கல்லும் கறுத்து மின்னும்வரை கலக்குங்கள்.

பெரிய டிரம் மிக்ஸ் பிளான்டில் பர்னர் சுவாலை டிரம்முக்கு உள்ளேயே எரியும். அங்கே ஜல்லி போகும் பெல்ட்டில் பிளாஸ்டிக்கைப் போட்டால் கல்லில் படிவதற்கு முன்பே எரிந்து புகைபோக்கி வழியாகப் போய்விடும். ரோட்டில் பிளாஸ்டிக்கே இருக்காது, கணக்கில் மட்டும் இருக்கும். டிரம்மின் நடுப்பகுதியில், சுவாலை முடிந்த இடத்துக்கும் தார் விழும் இடத்துக்கும் நடுவே, காற்றழுத்தக் குழாய் வழியாக ஊத வேண்டும். ஒவ்வொரு தடவையும் தனித்தனியாகக் கலக்கும் பேட்ச் பிளான்ட் என்றால் எடை போட்டுப் பக் மில் என்ற கலக்கும் தொட்டியில் நேரே சேர்க்கலாம். அது எல்லாவற்றிலும் நம்பகமானது.

விறகு அடுப்பில் தார் காய்ச்சி, தகரத்தில் மண்வெட்டியால் புரட்டும் கைக்கலவைக்கு இந்த முறை ஆகாது. அங்கே சூட்டைப் பிடித்து நிறுத்த வழியில்லை.

புகையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 165 டிகிரியில் பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் உருகுமே தவிரச் சிதையாது. நச்சு வாயு வருவது 270 டிகிரியைத் தாண்டிச் சிதையும்போதும் எரியும்போதும்தான். எனவே மிக்சரிலிருந்து காரமான புகை வந்தால், சூடு எல்லை மீறிவிட்டது அல்லது பி.வி.சி. உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள். உடனே நிறுத்துங்கள்.

ரோட்டில்

முதலில் கேட்க வேண்டியது: குடிநீர்க் குழாய் வேலை முடிந்ததா? கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயோ கேபிளோ அடுத்த மாதம் வருவதாக இருந்தால் ரோட்டைத் தள்ளிப்போடுங்கள். வெட்டிய ரோடு வெட்டிய இடத்திலிருந்துதான் சாகும்.

காலம், ஜனவரி பாதியிலிருந்து ஏப்ரல் வரை. ஏப்ரலில் மதியத்துக்குமேல் இடிமழை வரும், ஆகையால் அப்போது காலையிலேயே தொடங்கி மதியத்துக்குள் முடிக்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய், முப்பந்தல் பக்கம் காற்றையும் கணக்கில் எடுங்கள். காற்றாலை நடும் அளவுக்குக் காற்றடிக்கும் இடத்தில் 20 மி.மீ. தளம் ரோலர் வருமுன்பே ஆறிவிடும்.

பழைய தளத்தில் குழிகளை முந்தின வாரமே அடைத்திருக்க வேண்டும். தூசி, மண், சாணம் எல்லாம் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்து, காற்றடித்துச் சுத்தமாக்குங்கள். புதுத் தளம் பழையதோடு ஒட்டுவதற்கான டேக் கோட்டாக ஆர்.எஸ். 1 எமல்ஷன் (தண்ணீரில் கலந்த தார்) சதுர மீட்டருக்கு 0.20 முதல் 0.30 கிலோ. அடித்தவுடன் பழுப்பாக இருக்கும். கறுப்பாக மாறியபிறகுதான் கலவையைக் கொட்ட வேண்டும். பழுப்பிலேயே கொட்டினால் அதிலிருக்கும் தண்ணீர் தளத்துக்கு அடியில் மாட்டிக்கொள்ளும்.

டிப்பரைத் தார்ப்பாயால் மூடிக் கொண்டுவாருங்கள். கலவை இறங்கும்போது 140 டிகிரிக்குக் குறையக்கூடாது. பிளாஸ்டிக் கலவை சாதாரணக் கலவையைவிட வேகமாக விறைக்கும். களத்தில் அதிகமாகக் கெடுவது இங்கேதான். கலவை நன்றாக இருக்கும், பிளான்டில் எல்லாம் சரியாக நடந்திருக்கும், வழியில் தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றிருக்கும். அந்த லோடைத் திருப்பி அனுப்பும் துணிவு மேற்பார்வையாளருக்கு வேண்டும்.

கேம்பர், அதாவது நடுவிலிருந்து ஓரத்துக்கு இறங்கும் சரிவு, 2.5 சதவீதம். 3.75 மீட்டர் ரோட்டில் நடுப்பகுதி ஓரத்தைவிட 4.7 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். நூல் கட்டிப் பாருங்கள், கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது.

உருட்டுவது 8 முதல் 10 டன் ஸ்டாட்டிக் (அதிர்வில்லாத) ரோலர். ஓரத்திலிருந்து நடுவுக்கு, ஒவ்வொரு தடவையும் முந்தின தடத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஏற வேண்டும். வேகம் மணிக்கு 5 கி.மீ.க்குள். தளம் 90 டிகிரிக்கு இறங்குமுன் உருட்டி முடிக்க வேண்டும், அதன்பின் எத்தனை முறை உருட்டினாலும் கல் உடையுமே தவிர இறுகாது. சக்கரத்தில் கலவை ஒட்டாமலிருக்கத் தண்ணீரால் நனைத்தால் போதும். டீசல் தடவும் பழக்கம் தாரைக் கரைத்துவிடும்.

கார்பெட்டுக்கு அன்றே சீல் கோட் போட்டுவிடுங்கள். முழுதாக ஆறியபின், முடிந்தால் மறுநாள், வண்டி விடுங்கள்.

கடைசியாக ஓரத்து மண். பெர்ம் எனப்படும் இந்த ஓரம் ரோட்டைவிட உயரமாக இருந்தால் மழைநீர் ரோட்டிலேயே தேங்கும். இது நம் ஊரில் நாள்தோறும் பார்க்கும் தவறு. ரோட்டு விளிம்போடு சமமாக நிரப்பி, வெளியே சரித்து, ஓடைக்கு வழி வெட்டிவிட வேண்டும். வயல், குளம் ஒட்டிய இடங்களில் இது ரோட்டைவிட முக்கியம்.

எது தவறினால் எப்படித் தெரியும்

போட்ட மறுநாளே தளத்தில் நிறப் புள்ளிகள் தெரிந்தால், ஜல்லி சூடு போதவில்லை அல்லது துண்டு பெரிது. அந்தத் துணுக்குகள் டயரில் உரிந்து ஓடைக்கும் கடலுக்கும் போகும். அதற்காக இவ்வளவு பாடுபடவில்லை.

சில மாதத்தில் தளம் காய்ந்து சாம்பல் நிறமாகி ஜல்லி உதிர்ந்தால், தாரும் கல்லும் அளவு மீறிச் சூடாகியிருக்கிறது. தார் நெகிழ்வுத்தன்மை இழந்து முறுகிவிட்டது.

குறுக்கே மெல்லிய விரிசல்கள் வந்தால் பிளாஸ்டிக் அளவு கூடியிருக்கலாம், அல்லது ஆறிய கலவையை உருட்டியிருப்பார்கள்.

விட்டுவிட்டுத் திட்டுத் திட்டாகப் பெயர்ந்தால் டேக் கோட்டும் தூசியும்தான் காரணம். பிளாஸ்டிக்கைக் குறை சொல்ல வேண்டாம்.

ஒரு நீள ரோட்டில் நல்லதும் கெட்டதும் மாறி மாறி வந்தால், தாரிலேயே பிளாஸ்டிக்கைக் கலந்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். பிளாஸ்டிக் தாரைவிட இலேசானது. தனி இயந்திரம் இல்லாமல் டிரம்மில் கலக்கினால் மேலே ஆடைபோல் மிதக்கும். முதல் லோடுக்கு ஒன்றும் வராது, கடைசி லோடுக்கு எல்லாம் வரும்.

வேலை நடக்கும்போதே பிடிப்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. கலவையில் ஒரு கை அளவு எடுத்து ஆறவைத்து, கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீரில் 24 மணி நேரம் மூழ்க வையுங்கள். கல்லின் மேல் 95 சதவீதத்துக்குக் குறையாமல் தார் நிற்க வேண்டும். பக்கத்திலேயே பிளாஸ்டிக் சேர்க்காத கலவையையும் இன்னொரு பாத்திரத்தில் வைத்துவிட்டால், மறுநாள் ஊர்மக்களே வித்தியாசத்தைப் பார்த்துக்கொள்வார்கள். கலவையின் வலுவைப் பார்க்கும் மார்ஷல் சோதனையை அருகிலுள்ள பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் செய்து, அறிக்கையை எம்-புக் என்னும் அளவுப் புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தென்மேற்குப் பருவமழை முடிந்ததும் ரோட்டை நடந்து பாருங்கள். வண்டியில் போனால் தெரியாது. விளிம்பு அரித்த இடம், தண்ணீர் தேங்கும் பள்ளம், ஜல்லி பெயரத் தொடங்கிய திட்டு எல்லாவற்றையும் சுண்ணாம்பால் குறியுங்கள். வடகிழக்கு மழை தொடங்குமுன் கிடைக்கும் இரண்டு மூன்று வார வெயிலில் அவற்றைச் சதுரமாக வெட்டி, டேக் கோட் தடவி, அதே பிளாஸ்டிக் கலவையால் அடையுங்கள். இதற்காகவே நறுக்கிய பிளாஸ்டிக்கில் இரண்டு சாக்கை ஷெட்டில் எடுத்து வைத்திருக்க வேண்டும்.